மலையகத்தில் படிப்பிக்க வரும் தமிழ்நாட்டுத் தம்பதிக்கு

பாடசாலைக்குப் போகிறவருக்கு இலங்கையின் தேயிலை மலைப்பகுதியான மலையகம் சீக்கிரம் பழகிவிடும். காலை ஏழரைக்கு மணி அடிக்கும், பிள்ளைகள் வருவார்கள், ஆசிரியர் அறையில் பேச்சுக்கு ஆள் இருக்கும். வீட்டில் இருக்கும் துணைக்குத்தான் பாடு அதிகம்: காயாத துணி, பொங்காத மாவு, பின்னேரம் நாலு மணிக்கே வாசலுக்கு வரும் மூடுபனி, பேச ஆளில்லாத பகல். அதனால் ஊரையும் வீட்டையும் தெரிவு செய்யும்போது, பாடசாலை எவ்வளவு பக்கம் என்பதற்கு முன்னால், பகல் முழுக்க அங்கே இருக்கப்போகிறவருக்கு அந்த இடம் ஒத்துவருமா என்று பாருங்கள்.

காகிதங்கள்

சுற்றுலா விசாவில் வந்து இறங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த விசாவில் சம்பளத்துக்குப் படிப்பிப்பது சட்டப்படி குற்றம். உங்களை அழைக்கும் நிறுவனமே பொறுப்பேற்று வதிவிட விசாவுக்கான வேலையைத் தொடங்க வேண்டும். விண்ணப்பம் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகும். துணைக்குக் கிடைக்கும் விசா உங்களுடையதைத் தொற்றியே நிற்கும்: உங்களுடையது முடிந்தால் அவருடையதும் முடியும், அதை வைத்து அவர் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. இலங்கையில் பின்னேர டியூஷன் பெரிய தொழில். ‘சும்மா நாலு பிள்ளைகளுக்கு’ என்று அயலவர் கேட்கத்தான் செய்வார்கள். காசு வாங்கிச் சொல்லிக்கொடுத்தால் இருவருடைய விசாவுக்கும் ஆபத்து.

தமிழ்நாட்டுக்காரருக்கு அதிகம் இடறுவது இனிஷியல். கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும், பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும், திருமணச் சான்றிதழில் வேறு விதமாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி (அபிடவிட்) ஒன்றை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். திருமணச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் இந்திய வெளியுறவு அமைச்சின் சான்றொப்பமும் எடுத்து வையுங்கள். இங்கே வந்த பிறகு கடவுச்சீட்டு அலுவல்களுக்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது.

சம்பளம் பேசும்போது கையில் வரும் தொகையைக் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டப்படும், நிர்வாகம் 12 வீதம் போடும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் (ETF) நிர்வாகமே தனியாக 3 வீதம் கட்டும். நாட்டை விட்டுப் போகும்போது அந்தப் பணத்தை எடுக்க அங்கத்துவ இலக்கமும் ஆண்டுக் கூற்றுகளும் வேண்டும். முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மழை எந்தப் பக்கம்

‘மலையகம் குளிர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், ஹட்டனும் பண்டாரவளையும் 1,200க்கு மேல், நுவரெலியா 1,868. உயரத்தைவிட முக்கியம் மழை வரும் திசை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தை அடித்து ஊற்றும். அதே மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம், பதுளை, பண்டாரவளையில், கச்சான் காற்று வறட்டிக்கொண்டிருக்கும். பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாவுக்கு மழை ஆண்டு முடிவில்தான். ஹட்டன் பக்கத்து டிம்புளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும் ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் தனி மணம் என்பார்கள். அந்தந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும் மாதங்கள் அவை. துணி காய்வதும் அந்தக் கணக்கில்தான்.

துணைக்கு இழுப்பு (ஆஸ்துமா), மூட்டுவலி இருந்தால் நுவரெலியாவை விட்டுவிட்டு பண்டாரவளை, பதுளை, கண்டிப் பக்கம் வேலை தேடுவது நல்லது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாப் புல்வெளியில் உறைபனி விழும்.

வீடு பார்க்கும் முறை

மழை பெய்யும் நாளில் போய்ப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா வீடும் நல்ல வீடுதான். முன்வாசலை விட்டுவிட்டு நேரே வீட்டின் பின்புறம் போங்கள். மலையை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் இடையே ஆள் நடக்கக்கூட இடம் இல்லாவிட்டால் அந்தச் சுவர் ஆண்டு முழுக்க வியர்க்கும். மேட்டில் புதிதாக ஊற்று கசிகிறதா, தண்ணீர் கலங்கி வருகிறதா, மரமோ மின்கம்பமோ சாய்ந்திருக்கிறதா, நிலத்தில் நீள வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வாடகை எவ்வளவு குறைவென்றாலும் வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் செய்த சேதத்துக்குப் பிறகு இதை வீட்டுக்காரரிடம் கேட்க யாரும் வெட்கப்படத் தேவையில்லை. அந்த இடத்தின் மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ விசாரிக்கலாம்.

பிறகு கான், அதாவது வடிகால். கூரைத் தண்ணீர் எங்கே விழுந்து எங்கே ஓடுகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். தகரக் கூரை என்றால் உள்ளே சீலிங் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பெருமழையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, இணையவழி வகுப்பும் எடுக்க முடியாது. தண்ணீர் குழாயில் வருகிறதா, ஊற்று நீர் விழும் தோட்டத்துப் பீலியிலிருந்து வருகிறதா? பீலித் தண்ணீர் குளிர்ந்து இனிக்கும், ஆனால் மழைக்குக் கலங்கும். கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். காலை வெயில் படும் படுக்கையறை கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம், வீண் போகாது.

நுவரெலியாவில் ஒப்பந்தம் எழுதும்போது ஏப்ரல் மாதத்தைப் பற்றி ஒரு வரி இருக்கட்டும். வசந்த காலக் கொண்டாட்டத்துக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள், அந்த மாதம் வீட்டை நாள் வாடகைக்கு விட ஆசைப்படும் உரிமையாளர்கள் உண்டு. ‘வருடம் முழுவதும், ஏப்ரல் உட்பட’ என்று எழுதி வாங்குங்கள்.

சுடுதண்ணீரும் பிளக் பொயின்ட்டும்

மின்னழுத்தம் இந்தியாவைப் போலவே 230 வோல்ட். பழைய வீடுகளில் உருண்டைக் கால் 5 அம்பியர் பொயின்ட் இருக்கும். தமிழ்நாட்டுச் சிறிய மூன்று கால் பிளக் அதில் நேரே ஏறும். புது வீடுகளில் சதுரக் கால் 13 அம்பியர். 750 வாட் மிக்சிக்கும் மேசை கிரைண்டருக்கும் 5 அம்பியர் தாராளம். கெடுவது சுடுதண்ணீர்க் கோலில்தான்: 1,500 வாட் கோல் 6.5 அம்பியர் இழுக்கும். அடெப்டர் போட்டு அதை 5 அம்பியரில் சொருகினால் முதல் வாரத்தில் பொயின்ட் பழுக்கும், அடுத்த வாரம் உருகும். கோலைக் கொண்டுவராமலே விடுங்கள். குளியலறையில் உடனடிச் சூடாக்கி இருந்தால் அதன் வாட் அளவைப் பாருங்கள். 5,500 வாட் என்றால் 24 அம்பியர், அதற்கு மின் பலகையிலிருந்து தனிக் கம்பியும் தனி பிரேக்கரும் வேண்டும்.

15 லீற்றர் கீசரை ஒருமுறை 16 பாகை செல்சியசிலிருந்து 45 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ அரை யூனிட் போகும். இருவரும் தினம் ஒருமுறை குளித்தால் மாதம் 30 யூனிட். மின்சாரத்தின் அடுக்குக் கட்டணத்தில் 60 யூனிட்டைத் தாண்டியதும் கணக்கே மாறிவிடும் என்பதால் இந்த முப்பது சின்ன விடயமில்லை. ஒருவர் குளித்த கையோடு மற்றவர் குளித்து, கீசரை அணைத்துவிடுங்கள்.

குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுக்கவே கூடாது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு (கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு) மணம் கிடையாது. தூங்கியவர் தூக்கத்திலேயே போய்விடுவார். நல்ல கம்பளி இரண்டு வாங்குங்கள்.

அடுப்படி

நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது, காஸ்தான் தீரும். அரிசியை அரை மணி நேரம் ஊறப்போட்டு, திறந்த பானையில் பத்து நிமிடம் கூடுதலாக விடுங்கள். பிரெஷர் குக்கரில் விசில் எண்ணுவதை மறந்துவிட்டு நேரம் பாருங்கள்: ஹட்டன் உயரத்தில் பத்து வீதம், நுவரெலியாவில் இருபது வீதம் கூட்ட வேண்டும். ஊரில் 20 நிமிடத்தில் வெந்த கொண்டைக்கடலைக்கு இங்கே 24.

கடையில் ‘பருப்பு’ என்றால் மைசூர்ப் பருப்பு. ஊறத் தேவையில்லை, கால் மணியில் குழையும். சாம்பாருக்கு அது கூழாகிவிடும், துவரம்பருப்பு வேண்டுமென்றால் நகரத்துப் பெரிய கடைகளில் கேட்க வேண்டும். கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா (முட்டைக்கோஸ்), உருளைக்கிழங்கு எல்லாம் வாசலிலேயே விளைகின்றன. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கீழ்நாட்டிலிருந்து ஏறி வருவதால் விலையும் ஏறும். போயா (பௌர்ணமி) நாட்களில் இறைச்சிக்கடையும் சாராயக்கடையும் திறக்காது. விருந்தாளி வருகிறார் என்றால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

இனி இட்லி மாவு. தமிழ்நாட்டு வீட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்குவது இங்கே ஒரு நாள் கழித்தும் கல்லாகவே கிடக்கும். மாவில் குற்றமில்லை, குளிர்தான். இட்லி அரிசி தேடி அலையாமல் புழுங்கல் நாட்டரிசி மூன்று கோப்பை, உளுந்து ஒரு கோப்பை, வெந்தயம் ஒரு தேக்கரண்டி எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறட்டும். அரைக்கும்போதும் வெதுவெதுப்பான தண்ணீரையே தெளியுங்கள். ஊரில் கிரைண்டர் சூட்டுக்குப் பயந்து குளிர்ந்த தண்ணீர் விடும் பழக்கம் இங்கே கெடுதல். ஒரு கைப்பிடி பழைய சோற்றைச் சேர்த்து அரைத்துக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பாதி நிரம்பிய பாத்திரத்தை மூடி, கம்பளியில் சுற்றி, ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் இரண்டு போத்தல் சுடுதண்ணீரோடு வையுங்கள். ஆறு மணி நேரத்தில் போத்தல் தண்ணீரை மாற்றுங்கள். பதினான்கு முதல் பதினாறு மணி நேரத்தில் எழும்பும். அதாவது ஞாயிறு காலை இட்லிக்கு சனி மதியமே அரைக்க வேண்டும். விறகடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஓரம் வெந்து நடு புளிக்கும். சோடா போட்டால் உப்பும், ருசி வராது. தயிருக்கும் இதே பெட்டிதான்: 45 பாகை பால், ஒரு கரண்டி உறை, பத்து மணி நேரம்.

ஈரம்

மழை மாதங்களில் தோல் செருப்பு, பெல்ட், புத்தகம், சான்றிதழ் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவரோடு ஒட்டிய முதுகுப்பலகையில்தான் அது தொடங்கும். மூல ஆவணங்களைக் காற்றுப்புகா டப்பாவில் சிலிக்கா பைகளோடு வையுங்கள், பை ஈரமானால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். கனத்த ஜீன்ஸ் வேண்டாம், ஒரு வாரம் காயாது. மெல்லிய துணியில் இரண்டு அடுக்கு போடுங்கள். புடவை கட்டிப் பாடசாலைக்குப் போகும் டீச்சர்மாருக்கு அடிப்பாகம் நனையாதிருக்க நைலெக்ஸ் நல்லது, பருத்தி கூடாது.

தேயிலைக்குள் நடந்தால் அட்டை ஏறும். காலுறையில் சவர்க்காரத்தை (சோப்பை) தேய்த்துவிட்டுப் போங்கள். கடித்ததைப் பிய்த்தால் புண்ணாகும், உப்பு வைத்தால் தானே விழும்.

ஊருக்குள்

அதிபர், ஆசிரியர் எல்லாரும் ‘சேர்’, ‘டீச்சர்’, ‘மிஸ்’. தோட்டத்தில் வயதானவரை ஐயா, அம்மா என்றும் மற்றவரை அண்ணே, அக்கா என்றும் கூப்பிட்டால் போதும், யாரும் அந்நியமாகப் பார்க்கமாட்டார்கள். ‘எப்போது இந்தியா திரும்புவீர்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். இவர்களுடைய மூதாதையர் வந்து 2023 உடன் இருநூறு ஆண்டுகள். 1948இல் குடியுரிமை பறிபோய், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து, 2003 வரை அதற்காக நின்றவர்கள். தங்களை மலையகத் தமிழர் என்றே சொல்கிறார்கள். கூலி, தோட்டக்காட்டான் என்ற பேச்சு வகுப்பில் ஒரு தடவை வாய்தவறி வந்தாலும் பெற்றோர் மறக்கமாட்டார்கள்.

பாடசாலை ஒன்றரைக்கு விட்டுவிடும். இடைவேளையில்தான் காலைச் சாப்பாடு, மதியச் சோறு வீட்டில் இரண்டரைக்கு. துணைக்குக் காலை ஏழிலிருந்து இரண்டு வரை வெறுமையான நேரம். அதை நிரப்ப இரண்டு காரியம் சொல்லலாம். ஒன்று, பேச்சுச் சிங்களம்: பஸ் கண்டக்டர், பொலிஸ் நிலையம், மருந்துக்கடை, ஆஸ்பத்திரிப் படிவம் எல்லாவற்றுக்கும் உதவும், மூன்று மாதத்தில் கடைப்பேச்சு வந்துவிடும். மற்றது வாசலில் பாத்தி: முள்ளங்கி ஐந்தாறு வாரத்தில் வரும், பீட்ரூட் இரண்டு மாதம், கரட் மூன்று. உறைபனி மாதங்களில் இரவில் சாக்கால் மூட வேண்டும். பாத்திக்கு உரம் கேட்கும் சாக்கில் பக்கத்து வீடுகளோடு பழக்கமும் வரும்.

டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். வார இறுதியில் ஹட்டன், மஸ்கெலியா பஸ்களில் இடம் கிடைக்காது, சாமான் வாங்குவதை வாரநாளுக்கு மாற்றுங்கள்.

அவசரத்துக்கு

1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் பெரிய அரச ஆஸ்பத்திரிகள் உண்டு. அதற்கு மேல் என்றால் கண்டி. நுவரெலியாவிலிருந்து அது ஏறத்தாழ 75 கிலோமீற்றர் வளைவுப் பாதை, மூன்று மணி நேரம் பிடிக்கும். பிரஷர், சீனி மருந்து எடுப்பவர் வணிகப் பெயரை நம்பாமல் மருந்தின் மூலப் பெயரை எழுதிய சீட்டோடு மூன்று மாதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். கடவுச்சீட்டு, மருந்து, டோர்ச், காசு அடங்கிய பை கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். செம்மஞ்சள் வந்த நாளில் ஒருவர் பாடசாலையிலும் ஒருவர் வீட்டிலும் மாட்டிக்கொண்டு போனும் வேலை செய்யாமல் போகலாம். எந்தக் கோவில் மண்டபத்தில் அல்லது யார் வீட்டில் சந்திப்பது என்பதை மழை தொடங்குவதற்கு முன்பே இருவரும் பேசி, அந்த வீட்டுக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.