யானைப் பசியோட போகாதீங்க: ஸ்மால் பிளேட்ஸ் ரெஸ்டாரண்ட்ல சாப்பிடுறது எப்படி

அப்பாவோட அறுபதாம் கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் தங்கச்சி ட்ரீட்னு சொல்லி எங்க ஆறு பேரையும் சென்னைல ஒரு ஸ்டார் ஹோட்டலுக்கு கூட்டிட்டுப் போனா. பெரிய கருப்பு தட்டு, ஓரமா கோலப்பொடி இழுத்த மாதிரி ஒரு சாஸ், நடுவுல மூணே மூணு இறால். அப்பா தட்டைப் பார்த்தாரு, ஆர்டர் எடுக்குற கேப்டனைப் பார்த்தாரு, "ருசி நல்லாருக்கு தம்பி, இதையே கொண்டு வந்துருங்க"ன்னாரு. அந்த மூணு இறாலுக்கு பில்லுல 895 ரூபா.

இப்படி சின்னச் சின்ன தட்டா வர்றதை எல்லாரும் பங்கு போட்டு சாப்பிடுறதுதான் ஸ்மால் பிளேட்ஸ். அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை போய் அடிபட்டு கத்துக்கிட்டதை சொல்றேன்.

முதல்ல, மத்தியானம் பட்டினி கிடந்துட்டு போகாதீங்க. நம்ம ஆளுங்க பஃபேக்கு போற மாதிரி வயித்தை காலியா வச்சுட்டு கிளம்புவாங்க, இங்க அது வேலைக்கு ஆகாது, யானைப் பசிக்கு சோளப்பொரிதான். சாயங்காலம் ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்டாவது உள்ள போயிருக்கணும், ஏன்னா முதல் தட்டு வரவே இருபது நிமிஷம் ஆகும். ஆறு பேருக்கு மேல போகவும் வேணாம், மூணு நாலு பேர்தான் இதுக்கு சரியான கூட்டம்.

உக்காந்ததும் மெனுவைப் பார்த்து "எனக்கு இது, உனக்கு அது"ன்னு ஆளுக்கு ஒண்ணு பிரிக்காதீங்க, வர்றது எல்லாமே பொதுதான். கேப்டன் வந்து "ஆளுக்கு மூணு பிளேட் ஆகும் சார்"னு சொல்லுவாரு, சரின்னு கேட்டுக்கோங்க, ஆனா அதுல பாதியை மட்டும் முதல்ல சொல்லுங்க. நாலு பேர்னா அஞ்சு ஆறு போதும். மொத்தத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டா கிச்சன்ல எது ரெடியோ அது வந்துக்கிட்டே இருக்கும், டேபிள்ல தட்டு வைக்க இடம் இருக்காது, சூடா சாப்பிட வேண்டியது ஆறிப்போய் ஒரு மூலைல கிடக்கும். இலை சாப்பாட்டுல எல்லாத்தையும் பரப்பிட்டு நம்ம இஷ்டத்துக்கு தொட்டுக்கலாம், இங்க அப்படி இல்ல, ரெண்டு ரெண்டா வந்தாதான் அழகு. முதல்ல சில்லுன்னு இருக்குற லைட் ஐட்டம், அப்புறம் வறுத்தது, அப்புறம் கறி, கடைசில ரைஸோ நூடுல்ஸோ ஒரு பவுல். அந்த கடைசி பவுலை மட்டும் விட்டுறாதீங்க, வயிறு நிறையறதே அதுலதான்.

அடுத்து இந்த பீஸ் கணக்கு. ஆர்டர் பண்றப்பவே "ஒரு பிளேட்ல எத்தனை பீஸ் வரும்?"னு கேட்டுருங்க, இதுல கூச்சமே வேணாம், அவங்களுக்கு தினமும் கேக்குற கேள்விதான். நாலு பேருக்கு மூணு பீஸ்னா பல இடத்துல ஒண்ணு சேர்த்துப் போட்டு அதுக்கு தனியா காசு வாங்கிப்பாங்க. கேக்காம விட்டீங்கன்னா என்ன ஆகும்னா, கடைசி பீஸை யாருமே தொடமாட்டாங்க, "நீ எடுத்துக்கோ", "இல்ல நீங்க எடுத்துக்கோங்க"ன்னு பத்து நிமிஷம் ஓடி, கடைசில ஆறிப்போனதை அம்மா வாயில போடுவாங்க.

எச்சில் விஷயம் இன்னும் முக்கியம். பொது தட்டுல அவங்கவங்க ஃபோர்க்கை விட்டா எங்க பெரியம்மா மாதிரி ஆளுங்க அதுக்கப்புறம் அந்த தட்டைத் திரும்பிக்கூட பார்க்க மாட்டாங்க. அதனால தட்டு வந்த உடனே சர்விங் ஸ்பூன் கேளுங்க, யாராவது ஒருத்தர் எல்லாரோட தட்டுலயும் எடுத்து வச்சுட்டு அப்புறம் ஆரம்பிங்க. பெருசா ஒரே துண்டா வந்தா வாய் வைக்குறதுக்கு முன்னாடியே வெட்டிருங்க. நாலு ஐட்டம் சாப்பிட்டதும் தட்டு மாத்த சொல்லுங்க, இல்லன்னா புளிப்பு சாஸும் சாக்லேட்டும் ஒண்ணா கலந்துரும்.

மெனுல பேர் பார்த்து பயப்படாதீங்க. ஏயோலின்னா பூண்டு போட்ட மயோனைஸ். செவிச்சேன்னா பச்சை மீனை எலுமிச்சை சாறுல ஊற வச்சது, அடுப்பே காட்டல, பச்சையா ஒத்துக்காதவங்க ஒதுங்கிக்கோங்க. டார்ட்டார்னு போட்டிருந்தா அதுவும் பெரும்பாலும் பச்சைதான். புராட்டான்னா மேல சீஸ் தோல், உள்ள க்ரீம், வெட்டினா பொலபொலன்னு வழியும், நம்ம வாய்க்கு கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும், நான் ரெண்டாவது தடவை வாங்கல. எடமாமேன்னா சோயாபீன்ஸ் காய், உப்பு தூவி தோலோட வரும், முருங்கைக்காய் மாதிரி உள்ள இருக்குறதை மட்டும் பல்லால உருவி எடுத்துட்டு தோலைப் போட்டுரணும். நான் முதல் தடவை முழுசா மென்னேன், நாரு நாரா வாய்க்குள்ளயே சுத்துச்சு, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல, எதிர்ல ஆபீஸ் மேனேஜர்.

சுத்த சைவம்னா பச்சை புள்ளியை மட்டும் நம்பிட்டு விட்டுறாதீங்க, கேப்டன்கிட்ட வாயைத் திறந்து சொல்லிருங்க. கிம்ச்சிங்கிற கொரியா ஊறுகாய்ல மீன் சாஸோ இறாலோ இருக்கலாம், ஜப்பான் சூப்புல தாஷின்னு மீன் வாசம் வர்ற தண்ணி, இத்தாலிலேர்ந்து வர்ற ஒரிஜினல் பார்மெசான் சீஸ்ல பாலை உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்குற ரென்னெட். அம்மாவை கூட்டிட்டுப் போறவங்க இதை உக்காந்த உடனேயே கேட்டுருங்க, சாப்பிட்ட அப்புறம் தெரிஞ்சா வீட்டுக்குப் போற வழியெல்லாம் பேச்சு வாங்கணும்.

தண்ணி கேக்குறப்ப "ரெகுலர் வாட்டர்"னு தெளிவா சொல்லுங்க. சும்மா தலையாட்டினா பாட்டில் வந்துரும், அதுக்கு எம்ஆர்பி எங்கன்னு சண்டை போட முடியாது, ஹோட்டல், ரெஸ்டாரண்ட்ல எம்ஆர்பிக்கு மேல விக்கலாம்னு 2017 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

இப்ப பில்லு. தனியா இருக்குற ரெஸ்டாரண்ட்னா ஜிஎஸ்டி 5%, ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல போற ஹோட்டலுக்குள்ள இருந்தா 18%. ஒன்பது பிளேட், சராசரி 600 ரூபான்னு வைங்க, 5,400. வெளிய இருந்தா 5,670, ஸ்டார் ஹோட்டல்ல 6,372. இதுக்கு நடுவுல 10% சர்வீஸ் சார்ஜ்னு ஒரு லைன் இருந்தா 540 கூடும், அந்த 540 மேலயும் ஜிஎஸ்டி ஏறி ஸ்டார் ஹோட்டல் பில்லு ஏழாயிரத்தைத் தாண்டிரும். அதைக் கட்டியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 2022 ஜூலைல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னதை 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் சரின்னு சொல்லிருச்சு. கேப்டனைக் கூப்பிட்டு மெதுவா "இதை எடுத்துருங்க"ன்னு சொல்லுங்க, நான் சொன்ன ரெண்டு தடவையும் எதுவும் பேசாம எடுத்துட்டாங்க, அந்த காசுல கொஞ்சத்தை பரிமாறின பையன் கையில நேரா குடுத்துட்டு வந்தேன். முறைச்சாங்கன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு புகார் சொல்லலாம், எனக்கு இதுவரைக்கும் அடிக்குற வேலை வரல.