ஊராரோடு சேர்ந்து சூழல் சமூகவியல்: ஒரு செமஸ்டர் வகுப்பை நடத்துவது எப்படி?

மனித சமூகமும் சுற்றுச்சூழலும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று படிப்பதுதான் சூழல் சமூகவியல். மாணவர்கள் வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட வேண்டும். குறைந்தது மூன்று மாதம் முன்னதாக ஆசிரியர் ஊருக்குப் போய், சங்கப் பொறுப்பாளர்களோடு நிற்காமல், தண்ணீர் பிடிப்பவர்கள், குப்பை பிரிப்பவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லாரிடமும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எது தெரிந்தால் உங்களுக்குப் பயன்படும்? தெரிந்த பிறகு அதை யாரிடம் கொண்டுபோவீர்கள்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள்.

அடுத்து, ஊர் மொழியில் ஒரே பக்கத்தில் ஒப்பந்தம். மூலத் தரவு யாரிடம் இருக்கும், எதை வெளியிடக் கூடாது, வரைவை ஊரார் படிக்க எத்தனை நாள் (30 நாள் கொடுத்தால் போதும்), முடிவு ஊராரின் சந்தேகத்துக்கு எதிராக வந்தால் என்ன செய்வது ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி விஷயத்தை முன்கூட்டியே பேசாததால்தான் பல உறவுகள் முறிகின்றன. கூடவே உழைக்கும் ஊராருக்கு மாணவ உதவியாளருக்குத் தரும் அதே மணிக்கூலி தர வேண்டும்.

முதல் மூன்று வாரம் வகுப்பறைதான். 1979-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட் தன் மாணவர்களோடு குப்பைக் கிடங்குகளைத் தேடிப் பதிவு செய்ததை எடுத்துக்கொள்ளலாம். நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து கிடங்குகளும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தன. அந்தத் தரவைக் கொண்டு நடந்த வழக்கு தோற்றது. ஆதாரம் இருந்தும் ஏன் தோற்றது என்று விவாதித்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

களத்தில் இரண்டு மாணவர், இரண்டு ஊரார் என்று சிறு குழுவாக நடந்து பாருங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத வேண்டும். ஊரார் தங்கள் ஊரின் வரைபடம் போடும்போது ஆண்களும் பெண்களும் ஆறு முதல் எட்டுப் பேராகத் தனித்தனியே உட்காரட்டும். கலந்து உட்கார்ந்தால் தண்ணீருக்கும் விறகுக்கும் போகும் வழிகள் பெரும்பாலும் படத்தில் வராது. படத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு அசலை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். ஆளுக்கு இரண்டு பேட்டி போதும்.

காற்றை அளப்பதில்தான் அதிகம் சறுக்குகிறது. பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள நுண்துகள்) அளக்கும் விலை குறைந்த சென்சார், ஈரப்பதம் கூடினால் தூசியைக் கூட்டிக் காட்டும். ஏனென்றால் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனால் முதலில் இரண்டு வாரம் அரசுக் கண்காணிப்பு நிலையத்தின் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் திருத்துங்கள். பிறகு மூச்சு விடும் உயரத்தில், அடுப்புப் புகை படாத இடத்தில் மாட்டுங்கள். கூடவே வீட்டுக்கு ஒரு நாற்றக் குறிப்பேடு: நேரம், காற்று வரும் திசை, 0 முதல் 5 வரை கடுமை. சென்சார் "ஒன்றுமில்லை" என்று காட்டும் நேரத்தில் குறிப்பேட்டில் 5 என்று இருக்கலாம். இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு ஒரு வாயு. துகளை எண்ணும் கருவிக்கு அது தெரியாது. மாணவர்கள் குறிப்பேட்டைத்தான் முதலில் ஒதுக்குவார்கள், விடாதீர்கள்.

பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். "52 வயதுப் பெண், சொந்தப் படகு" என்றாலே சின்ன ஊரில் யாரென்று தெரிந்துவிடும். வயதைப் பத்தாண்டுத் தொகுப்பாக்குங்கள். ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அதை வெளியிட வேண்டாம். ஜிபிஎஸ் புள்ளிகளையும் அப்படியே போடாமல் ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக மாற்றுங்கள்.

முடிவுகளை 12-ஆம் வாரமே ஊர்க் கூட்டத்தில் வையுங்கள். அறிக்கை முடிந்த பிறகு காட்டினால் யாரும் திருத்தம் சொல்ல மாட்டார்கள். எழும் மறுப்புகளை அறிக்கையிலேயே எழுதுங்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதி களக்குறிப்புக்குப் போகட்டும். இறுதி அறிக்கைக்கே எல்லாம் என்றால், மாணவர்கள் கூட்டத்துக்கு முன்பே எழுதி முடித்துவிடுவார்கள். செமஸ்டர் முடியும் நாளில் சென்சார்கள், அவற்றின் தரவு சேரும் இணையக் கணக்கின் கடவுச்சொல், உதிரி பேட்டரி மூன்றும் ஊரில் யார் கையில் இருக்கின்றன என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.