ஃபயர்வாலில் எந்த போர்ட்டைத் திறக்க வேண்டும்? நெட்ஸ்டாட்டிடம் கேளுங்கள்

புது மென்பொருள் நிறுவும்போது எங்கேயோ தொங்கி நிற்கிறதா? அந்த நேரத்திலேயே அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, கணினியின் நெட்வொர்க் இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்ற மூன்று சுவிட்சுகளோடும் (netstat -ano) ஓட்டுங்கள். ‘சின் சென்ட்’ (SYN_SENT, அதாவது இணைப்புக் கேட்டு பதிலுக்குக் காத்திருக்கும் நிலை) என்று நிற்கும் வரியில் உள்ள வெளி முகவரியும் போர்ட்டும் (இணைப்பு போகும் வாசல் எண்)தான் பெரும்பாலும் ஃபயர்வாலில் மாட்டிக்கொண்டது. கடைசி எண்ணை டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் எந்த நிரல் என்றும் தெரியும்.

இணைப்புக் கேட்டு பதிலே வராதபோது விண்டோஸ் சில விநாடிகள் அந்த நிலையிலேயே காத்திருக்கும், அதனால் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பாருங்கள். உதாரணமாக, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வருக்குக் கையேட்டில் 1433 போர்ட் மட்டும் இருக்கும். பெயரிட்ட எஸ்கியூஎல் சர்வர் இன்ஸ்டன்ஸோ (தனிப் பெயரோடு நிறுவிய எஸ்கியூஎல் சர்வர்) யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே தரவு அனுப்பும் முறை) 1434-ஐயும், அதோடு தானே தேர்ந்தெடுக்கும் இன்னொரு போர்ட்டையும் கேட்கும். கொழும்பு கோட்டைப் பக்கம் வங்கி, காப்புறுதி அலுவலகங்களில் வேலை என்றால் எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க அலைவது பெரும் கொடுமை.

யூடிபிக்கு இந்த நெட்ஸ்டாட் வழி உதவாது, அதற்கு ஃபயர்வால் லாக்தான் வழி. தானாக மாறும் போர்ட்டை முதலில் எஸ்கியூஎல் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் நிலையாக்கிவிட்டு, அப்புறம் கேளுங்கள்.