பல ஆண்டுகளுக்கு முன் காணாமல் போனவரைத் தேடும் குடும்பம் செய்ய வேண்டியவை

ஒருவர் காணாமல் போய்ப் பத்து, இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட பிறகு, அந்த வழக்கை முதல் நாளிலிருந்து இன்றுவரை முழுமையாக அறிந்தவர்கள் பெரும்பாலும் குடும்பத்தார் மட்டுமே. புகாரை எழுதி வாங்கிய அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார். அவருக்குப் பின் வந்தவர் இடம் மாறியிருப்பார். கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போன வழியில் சில பக்கங்கள் விடுபட்டும் இருக்கலாம். எனவே குடும்பம் முதலில் கையில் எடுக்க வேண்டிய பணி, வழக்கைப் பற்றி எதுவுமே அறியாத ஒரு புதிய அதிகாரி ஒரு மணி நேரம் படித்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கக்கூடிய ஓர் ஆவணத் தொகுப்பை உருவாக்குவதாகும். இங்கே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்தத் தொகுப்புக்கு எதைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றியதே.

தொடக்கத்தில் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வழக்கு எண், புகார் பதிவான தேதி, இப்போது கோப்பு யாரிடம் இருக்கிறது, சேகரித்த பொருள்கள் எங்கே பாதுகாக்கப்படுகின்றன, காணாமல் போனவரின் கைரேகை, பல் பதிவு, மரபணு விவரம் ஆகியவை தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டுள்ளனவா என்ற கேள்விகளை நேரில் கேட்பதோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுத்து, எழுத்திலேயே பதில் பெற வேண்டும். பழைய காகிதப் பதிவுகள் கணினிக்கு மாறும்போது விடுபட்டுப் போவதுண்டு. குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்போது, தேடப்படுவோர் பட்டியலில் அவர் பெயரே இல்லாமல் இருப்பதைவிடக் கொடுமையானது வேறில்லை. அதை அறிய ஒரு கடிதம் போதும்.

அடுத்தது காலவரிசை. காணாமல் போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து தொடங்கி, கடைசியாகப் பார்த்த நாளை மணிவாரியாகவும் அதற்குப் பிந்தைய வாரங்களை நாள்வாரியாகவும் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்தச் செய்தி எப்படித் தெரியவந்தது என்பதைக் குறிக்க வேண்டும்: எழுதியவர் கண்ணால் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, அல்லது இப்படித்தான் நடந்திருக்கும் என்று குடும்பம் நினைத்ததா. எளிதாகத் தோன்றும் இந்தப் பிரிப்புதான் மிகக் கடினமானது. பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பேசியதில் ஊகங்கள் உண்மைகளாக இறுகிப்போயிருக்கும். "அவன் பணத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். அலமாரியைத் திறந்து பார்த்தவர் யார், எப்போது பார்த்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படிப்பட்ட இடங்களை அழித்துவிடாமல், "உறுதி செய்யப்படவில்லை" என்று எழுதி வையுங்கள். பழைய விசாரணை ஒரு தவறான ஊகத்தின் மேல் நடந்திருந்தால், அது வெளிப்படுவது இந்த வரிகளில்தான். கூடவே, அந்நாளைய கடிதங்கள், நாட்குறிப்பு, வங்கி அறிக்கை, தொலைபேசிக் கட்டணச் சீட்டு, பயணச் சீட்டு, பழைய கைபேசி, கணினி எதையும் தூக்கி எறியாதீர்கள். மின்கருவிகளை இயக்கிப் பார்க்கவும் வேண்டாம். உள்ளிருப்பதை மாற்றாமல் படியெடுக்கும் முறை தடய அறிவியல் ஆய்வகத்துக்குத் தெரியும்.

உறவினர், நண்பர், அண்டை வீட்டார் ஆகியோரிடம் மீண்டும் பேசுவது பயன் தரும். அன்று அச்சத்தாலோ விசுவாசத்தாலோ வாய் திறக்காதவர், அந்த உறவு முறிந்த பிறகு, அல்லது அவர் அஞ்சியவர் இறந்த பிறகு பேசக்கூடும். ஆனால் கேட்கும் முறையிலேயே நினைவு கெட்டுப்போகும் ஆபத்தும் இருக்கிறது. 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் நடத்திய ஆய்வில், ஒரே விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகத்தில் வந்தன என்று சிலரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். இரண்டாவது பிரிவினர் கூடுதலான வேகத்தைச் சொன்னதோடு, காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகவும் அவர்களில் அதிகம் பேர் பின்னர் கூறினர். ஆகவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுங்கள். பிறர் சொன்னதைக் காட்டாதீர்கள். "அந்த நீலச் சட்டைக்காரரைப் பார்த்தீர்களா" என்று கேட்பதற்குப் பதிலாக, "அன்று மாலை நினைவிருப்பதைச் சொல்லுங்கள்" என்று தொடங்கி இடைமறிக்காமல் கேளுங்கள். அவர் சம்மதித்தால் ஒலிப்பதிவு செய்து, தேதியும் இடமும் குறித்து வையுங்கள். ஒருவர் மீது உண்மையான சந்தேகம் இருந்தால் அவரிடம் நீங்கள் போகவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து. அதோடு, அவரை எச்சரித்துவிட்டதாகவும் ஆகும். அந்தப் பெயர் காரணங்களோடு விசாரணை அதிகாரியின் கைக்குப் போகட்டும்.

இனி, எல்லாவற்றிலும் அவசரமான ஒன்று: குடும்பத்தாரின் மரபணு மாதிரி. அடையாளம் தெரியாத ஓர் உடலோ எலும்போ எத்தனை ஆண்டு கழித்துக் கிடைத்தாலும், ஒப்பிட உறவினரின் மாதிரி இல்லையென்றால் அது பெயரில்லாமலே பெட்டியில் கிடக்கும். தாய், தந்தை, பெற்ற பிள்ளைகள் ஆகியோரின் மாதிரிகளே மிக வலுவானவை. வயதான பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவற்றைக் கொடுத்துவிட வேண்டும்; இதைத் தள்ளிப்போட எந்தக் காரணமும் போதுமானதன்று. பெற்றோர் இல்லாத நிலையில் உடன்பிறந்தோர் இயன்றவரை பலர் கொடுக்கட்டும். செல்லின் உட்கருவுக்கு வெளியே இருக்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணு தாய்வழியாக மட்டுமே வருவதால் தாயுடன் பிறந்த சகோதரியும் அவர் பிள்ளைகளும் உதவ முடியும். ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வதால், காணாமல் போனவர் ஆண் என்றால் தந்தையின் சகோதரரும் உதவலாம். காணாமல் போனவரின் சொந்த மாதிரியே வேறிடத்தில் இருக்கவும் கூடும்: எடுத்து வைத்த பால் பல், பழைய பல் துலக்கி, மருத்துவமனையில் திசுப் பரிசோதனைக்காக மெழுகில் பதித்துச் சேமித்த துண்டு. இத்தகைய பொருள்களைக் கையுறை அணிந்து எடுத்து, ஈரமில்லாமல் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கினால் மரபணு சிதைந்துவிடும்.

மாதிரி கொடுக்கும் முன், அது எதற்குப் பயன்படும், எந்தத் தரவுத்தளத்தில் எவ்வளவு காலம் இருக்கும், குற்றவியல் தேடலுக்கும் பயன்படுமா என்று கேட்டுச் சம்மதப் படிவத்தை முழுமையாகப் படியுங்கள். இரத்த உறவென்று நம்பியிருந்த ஒன்று அப்படியில்லை என்று பரிசோதனை காட்டிவிடும் வாய்ப்பும் உண்டு. அந்தச் செய்தி யாருக்குச் சொல்லப்படும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

உறவினரின் மாதிரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியில் பறிக்கப்பட்ட பேரக் குழந்தைகளைத் தேடி 1977இல் திரண்ட பாட்டிமார், பெற்றோர் இருவரும் இல்லாதபோதும் பாட்டி தாத்தாவின் இரத்தத்தைக் கொண்டே குழந்தையை அடையாளம் காண முடியுமா என்று அறிவியலாளர்களைக் கேட்டார்கள். மரபியலாளர் மேரி கிளேர் கிங் உள்ளிட்டோர் அதற்கான முறையை உருவாக்க, 1987இல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி அமைந்தது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டறியப்பட்டுள்ளனர். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995இல் கொல்லப்பட்ட சுமார் 8,000 பேரின் எலும்புகள் பல புதைகுழிகளுக்கு மாற்றி மாற்றிப் புதைக்கப்பட்டிருந்தும், உறவினர் கொடுத்த இரத்தத்தைக் கொண்டு காணாமல் போனோருக்கான பன்னாட்டு ஆணையம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரைப் பெயர் சொல்லி ஒப்படைத்தது.

கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றையே முதன்மை அடையாளங்களாகப் பன்னாட்டுக் காவல்துறை அமைப்பான இன்டர்போல் ஏற்கிறது. எனவே பல் மருத்துவரிடம் இருக்கும் பதிவையும் எக்ஸ்ரேயையும் இன்றே கேளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அவற்றை அழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, உடலுக்குள் வைத்த உலோகத் தகடு ஆகியவற்றின் பதிவுகளும் தேவை. உள்ளே பொருத்திய கருவிகளில் பலவற்றுக்கு வரிசை எண் உண்டு. மச்சம், தழும்பு, பச்சை குத்திய அடையாளம் ஆகியவற்றை எந்தப் பக்கம், எந்த இடம் என்று துல்லியமாக எழுதி, புன்னகையில் பற்கள் தெரியும் படங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலைத் தேடுவது மனத்தை நொறுக்கும் வேலை. அதைப் பெற்றோரோ பிள்ளைகளோ செய்ய வேண்டியதில்லை. சற்றே தள்ளி நிற்கும் உறவினரோ நண்பரோ செய்யட்டும். எலும்பிலிருந்து கணிக்கும் வயதும் உயரமும் தோராயமானவை, இறந்த காலமும் அப்படியே. அதனால் ஐந்து வயது வேறுபடுகிறது என்றோ, உடை பொருந்தவில்லை என்றோ ஒன்றை நீக்கிவிடாதீர்கள். பாலினம், ஏறத்தாழ வயது, காலம், இடம் ஆகியவை முற்றிலும் முரண்படாத ஒவ்வொன்றையும் பதிவெண்ணோடு அதிகாரிக்கு எழுதி, பல் அல்லது மரபணுவைக் கொண்டு ஒப்பிட்டு முடிவைச் சொல்லும்படி கேளுங்கள். படத்தைப் பார்த்து "இவரில்லை" என்று குடும்பம் சொல்வது நம்பத்தக்க விலக்கு ஆகாது. இறந்த முகம் மாறிவிடுகிறது, பார்க்கும் கண்ணும் மறுக்கவே விரும்புகிறது.

அவர் எல்லை கடந்திருக்கலாம் என்றால், காணாமல் போனவரைத் தேட நாடுகளின் காவல்துறைகளுக்கு அனுப்பப்படும் இன்டர்போலின் மஞ்சள் அறிவிப்பைக் கோரும்படி அதிகாரியிடம் சொல்லுங்கள். குடும்பம் நேரடியாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. நாட்டின் காவல்துறை வழியாகவே போகும். உறவினரின் மரபணுவைக் கொண்டு நாடுகளுக்கிடையே ஒப்பிடும் இன்டர்போல் தரவுத்தளம் 2021 முதல் இயங்குகிறது. போர், இடப்பெயர்வு, பேரிடர் ஆகியவற்றில் பிரிந்தவர் என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடல் சேவையை அணுகுங்கள். அரசின் கை இருப்பதாகச் சந்தேகம் இருந்தால், வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிராக 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உண்மையை அறியும் உரிமையைக் குடும்பத்துக்கே தருகிறது; உங்கள் நாடு அதில் இணைந்திருக்கிறதா என்று பார்த்து, மனுவில் அதைச் சுட்டுங்கள்.

ஊடகத்தில் பேசுவதற்கு முன், எந்த விவரத்தை வெளியிடக் கூடாது என்று அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையில் தெரிந்தவரையும் கதை கட்டுபவரையும் பிரித்தறிய அந்த மறைக்கப்பட்ட விவரமே உதவும். வீட்டு எண்ணைக் கொடுக்காமல் தனி எண் ஒன்றைக் கொடுங்கள். இடம் தெரியும், பணம் அனுப்புங்கள் என்று அழைப்பவர்கள் நிச்சயம் வருவார்கள். அவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காமல், அழைப்பின் விவரத்தை மட்டும் குறித்துக் காவல்துறையிடம் சேர்த்துவிடுங்கள்.

சொத்து, ஓய்வூதியம், மறுமணம் போன்றவற்றுக்காக இறந்ததாகக் கருதும் நீதிமன்ற ஆணை தேவைப்படலாம். பல நாடுகளில் அதற்கு ஏழு ஆண்டுக் காத்திருப்பு உண்டு. அந்த ஆணை தேடலைக் கைவிடுவது ஆகாது என்பதை வீட்டில் முதலில் பேசித் தெளிவுபடுத்துங்கள். பிறகு வழக்கு திறந்தே இருக்கும் என்று காவல்துறையிடம் எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் ஒருவர் நம்பிக்கையோடும் இன்னொருவர் துக்கத்தோடும் இருப்பது இயல்பே. விடை தெரியாத இந்த இழப்பை 1970களில் இருந்து ஆராய்ந்த பாலின் பாஸ், இரண்டு எண்ணங்களையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வாழ்வது நோயன்று என்று வலியுறுத்துகிறார். தேட விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆவணத் தொகுப்பின் முழுப் படி ஒன்று, அடுத்த தலைமுறையில் ஒருவரிடம் இப்போதே இருக்கட்டும்.

விடை வரும் நாளுக்கும் ஆயத்தம் வேண்டும். அவர் உயிரோடு இருந்து, வயது வந்தவராகவும் இருந்தால், தன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கலாம். நலமாக இருக்கிறார் என்பதற்கு மேல் அதிகாரி எதுவும் சொல்ல முடியாமல் போகும். ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். உடல் கிடைத்ததாகச் சொன்னால், எந்த முறையில் அடையாளம் கண்டார்கள், பொருத்தம் எவ்வளவு உறுதியானது, எந்தப் பகுதிகள் கிடைத்துள்ளன, உடனிருந்த பொருள்கள் எங்கே என்று கேட்டு எழுத்துமூல அறிக்கை பெறுங்கள். ஐயம் இருந்தால் வேறோர் ஆய்வகத்தில் மறுபரிசோதனை கோரலாம். பிற்காலத்தில் மேலும் எலும்புகள் கிடைத்தால் ஒவ்வொரு முறையும் தெரிவிக்க வேண்டுமா, வேண்டாமா என்றும் சில அமைப்புகள் குடும்பத்தைக் கேட்கும். அதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே பதில் சொல்ல வேண்டியதில்லை. யாருக்குத் தெரிவிப்பது, யாருக்கு வேண்டாம் என்று பெயர் வாரியாக எழுதிக் கொடுக்கலாம், பின்னர் மாற்றிக்கொள்ளவும் கேட்கலாம்.