ஜாவாவில் கனெக்‌ஷன் பூல்: எடுத்த இணைப்பைத் திருப்பிக் கொடுத்தல்

அம்பாசமுத்திரத்தில் ஓர் அரிசி ஆலைக்காக நான் எழுதிய கணக்கு மென்பொருள், பிசான அறுவடையில் நெல் லாரிகள் வரிசை கட்டும் நாட்களில் மட்டும், பிற்பகலில் அரை நிமிடம் அசையாமல் நின்று, 'இணைப்பு கிடைக்கவில்லை' என்ற பிழையைக் காட்டியது. தரவுத்தளத்துக்கான இணைப்புகளைத் திறந்து வைத்திருந்து, கேட்கும்போது கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தொகுப்பே கனெக்‌ஷன் பூல்; சிக்கல் அங்கேதான் இருந்தது. அதைச் சரிசெய்தபோது கற்றதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் மேவன் கோப்பில் ஹிகாரிசிபி என்ற பூல் நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் 2.0 பதிப்பு முதல் இயல்பாகவே அதுதான் வருகிறது. அமைப்புகள் குறைவு, பிழைச் செய்திகள் தெளிவு என்பதால் பழைய பூல்களைவிட எனக்கு இதுவே பிடிக்கும். அடுத்து, பூலிலிருந்து இணைப்புகளைத் தரும் டேட்டாசோர்ஸை மென்பொருள் தொடங்கும்போது ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். ஒவ்வொரு வினவலுக்கும் உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் புதிய பூலே பிறக்கும்.

நான் தடுக்கி விழுந்த இடம் இனிமேல்தான் வருகிறது. பூலிலிருந்து பெற்ற இணைப்பில் குளோஸ் என்று அழைத்தால் அது அறுபடுவதில்லை. வாடகை அண்டா கடைக்குத் திரும்புவதுபோல் பூலுக்குத் திரும்புகிறது. என் நிரலிலோ, ஒரே எடைச்சீட்டு எண் இரண்டாம் முறை பதிவானால், குளோஸ் வரியை எட்டும் முன்பே ரிட்டர்ன் ஆகிவிடும். அப்படிப் பத்துச் சீட்டுகள் சேர்ந்ததும், பூலின் இயல்பு அளவான 10 இணைப்புகளும் தீர்ந்து, பதினோராவது கோரிக்கை 30 விநாடி காத்திருந்து தோற்றது. இரவில் கணினியை அணைத்துவிடுவதால் எண்ணிக்கை தினமும் புதிதாகத் தொடங்கியது; சீட்டுகள் குறைந்த மாதங்களில் பிழை வெளிப்படாததற்கு அதுவே காரணம்.

ஆகவே இணைப்பு, ஸ்டேட்மென்ட் (வினவலை அனுப்புவது), ரிசல்ட்செட் (அதன் விடை) மூன்றையும் டிரை என்ற சொல்லுக்கு அடுத்த அடைப்புக்குறிக்குள்ளேயே திறந்துவிடுங்கள். ஜாவா 7 முதல் உள்ள இந்த வசதியால், எந்த வழியாக வெளியேறினாலும் அவை தாமாகவே மூடப்படும். அதோடு, எடுத்த இணைப்பு எவ்வளவு நேரம் திரும்பாவிட்டால் எச்சரிக்க வேண்டும் என்று சொல்லும் லீக் டிடெக்‌ஷன் திரெஷோல்டை 10,000 மில்லிவிநாடியாக வையுங்கள். இணைப்பை எடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வரியை லாக் காட்டிக்கொடுக்கும்.

பூல் அளவை 100 ஆக உயர்த்தலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். இணைப்புகள் திரும்பாத கசிவு அப்படியே இருக்க, பிழை சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப் பிராசஸை இயக்குகிறது. அதன் மொத்த இயல்பு வரம்பே 100தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்த நண்பர் ஒருவருக்கு, சிறிது நேரம் சும்மா இருந்த இணைப்புகள் அறுந்துபோயின. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், சும்மா இருக்கும் இணைப்பை அறுப்பதற்கான வெயிட் டைம்அவுட் இயல்பாக 28,800 விநாடி, ஓர் இணைப்பைப் பூலில் வைத்திருக்கும் உச்ச காலமான ஹிகாரியின் மேக்ஸ் லைஃப்டைம் 30 நிமிடம் என்பதால் பொதுவாகச் சிக்கல் வராது. அவருடைய சர்வரிலோ வெயிட் டைம்அவுட் 10 நிமிடமாகக் குறைக்கப்பட்டிருந்தது. மேக்ஸ் லைஃப்டைமை 9 நிமிடமாக்கியதும் சரியாயிற்று.