தாடை மூட்டுப் பாடத்துக்கு மண்டையோடு மாடல் வேண்டாம், இரண்டு விரல் போதும்

தாடை மூட்டைப் பாடம் எடுக்கும்போது மாணவர்களையே மாடலாக்கிவிடுங்கள். இரு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் விரலுக்கடியில் ஒரு குமிழ் உருளும். இன்னும் திறந்தால் அது முன்னால் வழுக்கிப் போய், இருந்த இடத்தில் பள்ளம் விழும். சுழல்வதும் சறுக்குவதும் ஒரே மூட்டில் நடக்கிறது. சுவரில் தொங்கும் சார்ட்டில் இது தெரியவே தெரியாது.

அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்து பற்களை லேசாகத் தட்டிப் பார்க்கட்டும். பிறகு செல்போன் பார்க்கிற மாதிரி கூன் போட்டு, கழுத்தை முன்னால் நீட்டி, மறுபடியும் தட்டட்டும். பலருக்குப் பல் சந்திக்கும் இடம் மாறியிருக்கும். தலை முன்னே போனால் தாடைக்குக் கீழே, நாக்கைத் தாங்கும் சிறிய ஹயாய்டு எலும்போடு சேர்ந்த தசைகள் இழுபட்டு, கீழ்த்தாடையைப் பின்னுக்கு இழுப்பதுதான் காரணம். ‘கூன் போடாதே’ என்று நூறு தடவை கத்துவதற்கு இது எவ்வளவோ மேல்.

தாடை வலி உள்ளவர்கள், வாய் அசையாமல் பூட்டிக்கொள்ளும் தொல்லை உள்ளவர்கள், சமீபத்தில் பல் பிடுங்கியவர்கள் செய்ய வேண்டாம். பல்லுக்குக் கிளிப் போட்டவர்களுக்குத் தட்டும் சோதனை சரிவராது. வலியில்லாமல் ‘டக்’ சத்தம் மட்டும் வந்தால் பயமுறுத்தாதீர்கள், அது நிறையப் பேருக்கு உண்டு. தன் மூன்று விரல்களை அடுக்கி வைக்கும் அளவுக்கு வாய் திறக்காதவரைப் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். தாடைத் தொல்லைக்கு எல்லாப் பழியையும் கூன்மேல் போட முடியாது, தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்களும் இருக்கிறார்கள்.