லாக் என்றால் எந்த லாக்? நெட்வொர்க் ஆம்பின் திரையை வாசிக்கும் முறை

"அண்ணே, ஆம்ப்ல லாக்னு காட்டுது. எப்படித் திறக்கிறது?" என்று என் உதவியாளர் ஒருமுறை போனில் கேட்டான். அவன் சொன்னது நெட்வொர்க் கேபிள் வழியாக ஆடியோ வாங்கி ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர். முன்பக்க பட்டன்களை யாரோ பூட்டிவிட்டார்கள் என்று நினைத்து இருபது நிமிடமாகப் பாஸ்வேர்டு தேடியிருக்கிறான். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. நெட்வொர்க்கின் கிளாக்கோடு சேர்ந்துவிட்டேன், எல்லாம் சரி என்றுதான் அந்த ஆம்ப் சொல்லிக்கொண்டிருந்தது.

அவன்மேல் தப்பில்லை. முன்பலகையைப் பூட்டுவதும் லாக்தான். ஸ்பீக்கர் தயாரிப்பாளர் முன்கூட்டியே செய்து தந்த அமைப்பில், அதாவது பிரீசெட்டில், நாம் கை வைக்க முடியாதபடி மூடியிருப்பதும் லாக்தான். இந்தத் துறையில் ஒரே சொல் மூன்று இடத்தில் வேலை பார்க்கும். அதனால் புதிதாக வருபவர்களிடம் சொற்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. சிக்னல் நெட்வொர்க் கேபிளில் நுழைந்து ஸ்பீக்கர் கேபிளில் வெளியேறும் வழியிலேயே நடந்து போங்கள். வழியில் ஒரு சொல் கண்ணில் பட்டால், அது எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

நுழைவாயிலில் முதலில் தெரிவது ஐபி முகவரி. 169.254 என்று தொடங்கினால் பலர் பதறுவார்கள். முகவரி கொடுக்க ஆள் இல்லாதபோது கருவி தானே ஒன்றை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எல்லாக் கருவிகளும் அப்படியே இருந்தால், நெட்வொர்க் கேபிளில் ஆடியோ அனுப்பும் முறையான டான்டே தாராளமாக ஓடும். ஒன்று மட்டும் 192.168 என்று இருந்து மற்றவை 169.254 என்று இருந்தால்தான் சிக்கல். (டான்டேயை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்; ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கியது. ஏஇஎஸ்67 என்பது இதற்குப் போட்டியான இன்னொரு சரக்கு அல்ல. வெவ்வேறு நெட்வொர்க் முறைகள் ஒன்றோடொன்று ஆடியோ கொடுத்து வாங்க 2013-இல் வந்த தரநிலை.)

லேப்டாப்பில் ஆம்ப் தெரிகிறது, ஆனால் சத்தம் வரவில்லை என்றால் குழம்ப வேண்டாம். ஆம்பைக் கட்டுப்படுத்தும் தகவலும் ஆடியோவும் ஒரே கேபிளில் போனாலும் இரண்டும் வேறு வேறு. ஆடியோ வர சப்ஸ்கிரிப்ஷன் வேண்டும்: மிக்ஸரின் இந்தச் சேனலை எனக்குக் கொடு என்று வாங்கும் பக்கம் கேட்டு வைப்பது. இதில் ஆம்ப் நினைவில் வைத்துக்கொள்வது முகவரியை அல்ல, பெயரை. மிக்ஸரின் பெயரை மாற்றினால் சப்ஸ்கிரிப்ஷன் அறுந்துவிடும். இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். மிக்ஸர் கெட்டுப்போனால், பழைய கருவியைக் கழற்றிவிட்டு, அதே மாதிரி மாற்றுக் கருவிக்கு அதே பெயரைச் சூட்டினால் ஆம்புகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது கிளாக். ஒரு கருவி தாளம் போடும், மற்றவை பின்பற்றும். தாளம் போடுவது லீடர். பழைய கருவிகளில் மாஸ்டர் என்று இருக்கும். லீடர் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு தெரிந்தால் நெட்வொர்க் எங்கோ இரண்டாக உடைந்திருக்கிறது என்று பொருள். அங்கங்கே 'டிக்' என்று சத்தம் வந்தால் நான் ஆம்பைத் தொடுவதற்கு முன் ஸ்விட்சைத்தான் பார்ப்பேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் ஈஈஈ என்ற வசதி, போக்குவரத்து குறைந்த நேரம் பார்த்துப் போர்ட்டைத் தூங்க வைக்கும். அது எழுந்து வருவதற்குள் கிளாக் தடுமாறும். அதை அணைக்க முடியாத ஸ்விட்ச் என்றால் வேறு ஸ்விட்ச் வாங்குங்கள், வாதம் வேண்டாம்.

லேட்டன்சி, டிலே இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். லேட்டன்சி நாம் கேட்காமலே ஆகும் தாமதம். டிலே நாம் வேண்டுமென்றே வைக்கும் தாமதம். டான்டேயில் லேட்டன்சி பெரும்பாலும் 1 மில்லிசெகண்ட் என்று இருக்கும். அதாவது ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் 48 சாம்பிள், அதாவது 48 அளவீடு. ஒலி அந்த நேரத்தில் காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும், அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது வேறு. ஒரு ஆம்பில் 1, பக்கத்து ஆம்பில் 5 என்று இருந்தால் இரண்டுக்கும் 4 மில்லிசெகண்ட் இடைவெளி. ஒரு ஸ்பீக்கரை ஒன்றேகால் மீட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகப் பின்னால் தள்ளி வைத்த மாதிரி. எல்லா ஆம்பிலும் ஒரே எண் இருக்கிறதா பாருங்கள்.

இப்போது ஆம்பின் உள்ளே வந்துவிட்டோம். இன்புட் பக்கத்தில் ஃபெயில்ஓவர் அல்லது பேக்கப் என்று இருக்கும். டான்டே அறுந்தால் அனலாக் கேபிளுக்குத் தாவச் சொல்லும் ஏற்பாடு. தாவுகிறதா என்று மட்டும் சோதித்தால் போதாது, எவ்வளவு சத்தத்தில் தாவுகிறது என்றும் கேட்க வேண்டும். டிஜிட்டலில் உச்சம் 0 டிபிஎஃப்எஸ். அதற்கு மேல் இடமே இல்லை. அனலாக்கில் அளவு டிபியூ. 0 டிபியூ என்றால் 0.775 வோல்ட். மிக்ஸர் தன் 0 டிபிஎஃப்எஸ்ஸை +24 டிபியூ ஆக வெளியே அனுப்புகிறது, ஆம்ப் தன் கணக்கில் 0 டிபிஎஃப்எஸ் என்றால் +18 டிபியூ என்று வைத்திருக்கிறது என்று வையுங்கள். கேபிள் அறுந்த நொடியில் சத்தம் 6 டெசிபல் எகிறும். பேக்கப் இன்புட்டில் 6 குறைத்து வைத்தால் யாருக்கும் தெரியாமல் மாறும். நான் பிங்க் நாய்ஸை (சோதனைக்குப் போடும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை) சத்தம் குறைவாக ஓடவிட்டு நெட்வொர்க் கேபிளைக் கையாலேயே உருவிப் பார்ப்பேன்.

கெய்ன் (ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது), சென்சிடிவிட்டி, அட்டெனுவேட்டர் (உள்ளே வருவதைக் குறைக்கும் திருகு) மூன்றும் ஒரே குடும்பம். 32 டெசிபல் கெய்ன் என்றால் வோல்ட்டேஜ் 40 மடங்கு, 26 என்றால் 20 மடங்கு. மிக்ஸரிலிருந்து +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட் வந்தால், 32-இல் 49 வோல்ட் வெளியேறும். 8 ஓமில் அது 300 வாட். 26-இல் வெறும் 75 வாட். முழு சக்தியைத் தர எவ்வளவு வோல்ட் உள்ளே வர வேண்டும் என்பது சென்சிடிவிட்டி. அட்டெனுவேட்டரைப் பாதிக்குத் திருப்பினால் ஆம்பின் சக்தி பாதியாகும் என்று நம்புபவர்களை இன்னும் பார்க்கிறேன். ஆகாது. உள்ளே வருவதைக் கூட்டினால் அதே முழு சக்தியும் வெளியே வந்து நிற்கும்.

ஈக்யூ, அதாவது குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. க்யூ எண் பெரிதானால் பட்டை குறுகும், அவ்வளவுதான். தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரிக்கும் கிராஸ்ஓவரில் மட்டும், ஃபில்டரின் பெயரைக் கவனியுங்கள். லிங்க்விட்ஸ்-ரைலி 24 போட்டால் வெட்டும் அதிர்வெண்ணில் இரண்டு பக்கமும் 6 டெசிபல் குறைந்து, சேரும்போது சமமாகும். பட்டர்வொர்த் 24 போட்டால் 3 டெசிபல்தான் குறையும். சேரும் இடத்தில் 3 டெசிபல் மேடு விழும். எஃப்ஐஆர் என்ற டிஜிட்டல் ஃபில்டரால் ஃபேஸைக் (அலைகளின் நேர ஒழுங்கைக்) கெடுக்காமல் வேலை செய்ய முடியும், ஆனால் இலவசம் இல்லை. 512 டேப் (கணக்குப் படி) உள்ள, ஃபேஸைக் கெடுக்காத லீனியர் ஃபேஸ் ஃபில்டர், 48 கிலோஹெர்ட்ஸில் 5.3 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். போலாரிட்டி என்றால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறுவது. ஃபேஸ் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். திரையில் ஃபேஸ் இன்வர்ட் என்று போட்டிருந்தாலும் அங்கே நடப்பது போலாரிட்டி மாற்றம்தான்.

நின்று நிதானிக்க வேண்டிய இடம், ஸ்பீக்கர் கெடாமல் இருக்க அளவுக்கு மேல் போவதைத் தடுக்கும் லிமிட்டர். என் கைக்காசு கரைந்த இடமும் இதுவே. 8 ஓம், தொடர்ந்து 500 வாட் தாங்கும் ஸ்பீக்கர். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 63 வோல்ட்; இது ஆர்எம்எஸ், அதாவது வெப்பத்தைக் கணக்கிட உதவும் ஒருவகைச் சராசரி. அதன் உச்சம், 1.414-ஆல் பெருக்கினால், 89 வோல்ட். கணக்கைச் சரியாகத்தான் போட்டேன். திரையில் திரெஷோல்ட் (எந்த அளவில் லிமிட்டர் தடுக்கத் தொடங்க வேண்டும்) என்ற கட்டத்தைப் பார்த்ததும் 89 என்று தட்டினேன். அது ஆர்எம்எஸ் லிமிட்டரின் கட்டம். 89 வோல்ட் ஆர்எம்எஸ் என்றால் 8 ஓமில் ஏறக்குறைய 1,000 வாட், தாங்கும் அளவுக்கு இரண்டு மடங்கு. அன்று மாலை வரை நன்றாகத்தான் பாடியது. மூன்றாவது மணிநேரத்தில் ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள் கருகும் வாசம் வந்த பிறகு லிமிட்டரைத் திறந்து பார்த்து என்ன பயன்?

அதனால் எண்ணைத் தட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இது பீக் கட்டமா, ஆர்எம்எஸ் கட்டமா? பீக் லிமிட்டர் சில மில்லிசெகண்டுக்குள் பாய்ந்து, கூம்பு அளவுக்கு மீறி முன்னும் பின்னும் ஓடாமல் பார்த்துக்கொள்ளும். ஆர்எம்எஸ் லிமிட்டர் மெதுவாக, நொடிக்கணக்கில் வெப்பத்தைக் கவனிக்கும். இரண்டும் வேண்டும். இரண்டாவது, இந்த வோல்ட் ஆம்புக்கு முன்னாலா, பின்னாலா? டிஎஸ்பி (ஈக்யூ, லிமிட்டர் போன்ற வேலைகளைச் செய்யும் டிஜிட்டல் பகுதி) உள்ளேயே இருக்கும் ஆம்புகள் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் போகும் வோல்ட்டையே கேட்கும். தனிப் பிராசசரில் லிமிட்டர் வைத்தால் கெய்னைக் கழிக்க வேண்டும்: 63 வோல்ட் என்பது 38.2 டிபியூ, அதில் ஆம்பின் 32 போனால் +6.2 டிபியூ. அப்புறம், ஸ்பீக்கரின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டை நம்பாதீர்கள். புரோகிராம் என்று போட்டால் பொதுவாகத் தொடர் சக்தியின் இரண்டு மடங்கு, பீக் என்றால் நான்கு மடங்கு. கணக்குக்கு உதவுவது தொடர் சக்தி மட்டும்.

வெளியேறும் இடத்தில் ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கட்டினால் 4 ஓம், நான்கைக் கட்டினால் 2. பிரிட்ஜ் போட்டால், அதாவது இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டினால், ஒவ்வொரு சேனலும் அந்த எண்ணில் பாதியைத்தான் காணும். 4 ஓமைப் பிரிட்ஜில் மாட்டினால் ஆம்புக்கு அது 2 ஓம் சுமை. லோட் மானிட்டர் (மாட்டியிருக்கும் ஸ்பீக்கரின் ஓமை அளந்து காட்டும் வசதி) உள்ள ஆம்ப் என்றால், எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் ஒவ்வொரு சேனலின் எண்ணையும் குறித்து வையுங்கள். இன்று 4.1 காட்டும் சேனல் நாளை 8.2 காட்டினால், இணையாகக் கட்டிய இரண்டில் ஒன்று போய்விட்டது; ஏணி வைத்து ஏறிக் காதை வைக்கத் தேவையில்லை.

கடைசியில் முன்பக்க விளக்குகள். புரொடெக்ட் எரிந்தால் அணைத்து, ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு கேபிளிலோ ஸ்பீக்கரிலோ, அணையாவிட்டால் ஆம்பில். லிமிட் எப்போதாவது மின்னலாம். கிளிப் (சிக்னல் எல்லை தாண்டி வெட்டுப்பட்டுச் சிதைவது) எரிந்தால் மட்டும் எந்த கிளிப் என்று பார்க்க வேண்டும். இன்புட் கிளிப் என்றால் மிக்ஸரிலேயே குறைக்க வேண்டும். ஆம்பில் எதைத் திருப்பினாலும் சத்தம்தான் குறையும், சிதைவு அப்படியே இருக்கும். அவுட்புட் கிளிப் என்றால் ஆம்ப் தன்னிடம் இருப்பதை எல்லாம் கொடுத்துவிட்டது. அப்போது ஆம்புக்குப் போகும் அளவைக் குறையுங்கள், குறைத்தால் சத்தம் போதவில்லை என்றால் இன்னொரு ஸ்பீக்கரும் ஆம்பும் கேளுங்கள்.